கோடைக்காலப் பொதுச்சேவை இன்டர்ன்ஷிப்புக்குப் பண உதவி: அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பவை

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்கும் நம் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களின் பெற்றோரும், நவம்பர் பிறந்ததும் இந்தக் கேள்விகளுடன் வரத் தொடங்குகிறார்கள். கல்லூரி இணையதளங்களில் பதில் இருக்கிறது. ஆனால் அது பல பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. பணம் பற்றிய பகுதி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. இங்கே அதை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். தொகையும் கடைசித் தேதியும் கல்லூரிக்குக் கல்லூரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை உங்கள் கல்லூரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

"பொதுச்சேவை இன்டர்ன்ஷிப் என்றால் எதையெல்லாம் சொல்கிறார்கள்?"

அரசு அலுவலகங்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்கள், நகராட்சிகள், இலவசச் சட்ட உதவி மையங்கள், அகதிகளுக்கு உதவும் அமைப்புகள், சமூக மருத்துவ மையங்கள், பொதுப்பள்ளிகள், சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆகியவற்றில் கோடை விடுமுறையில் எட்டு முதல் பத்து வாரம் வரை செய்யும் முழுநேர வேலை. மருத்துவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைப் பெரும்பாலான நிதிகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மாணவரின் கையால் ஏதாவது ஒரு வேலை நடக்க வேண்டும்.

"பிள்ளையிடம் முழுநேரம் வேலை வாங்குகிறார்கள், சம்பளம் தருவதில்லை. இது சட்டப்படி சரியா?"

பெரும்பாலும் சரிதான். லாப நோக்குள்ள நிறுவனம் இன்டர்னுக்குச் சம்பளம் தராமல் இருக்க வேண்டுமானால், அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுவது மாணவர்தான் என்று காட்ட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 ஜனவரியிலிருந்து இந்த அளவுகோலைப் பின்பற்றுகிறது. அரசு அலுவலகங்களிலும் லாப நோக்கற்ற அமைப்புகளிலும் தன்னார்வமாக, ஊதியமின்றி வேலை செய்வதற்குச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது.

சட்டம் இடம் தந்தாலும் இதில் இருக்கும் அநியாயம் அநியாயம்தான். சம்பளமில்லாமல் ஒரு கோடையைக் கழிக்கப் பெற்றோரின் பணம் வேண்டும். பணம் உள்ள வீட்டுப் பிள்ளை செனட்டர் அலுவலகத்தில் அனுபவம் பெறுகிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை கடையில் நின்று அடுத்த பருவத்துக் கட்டணத்துக்குச் சேர்க்கிறது. இந்தக் குரல் பலமாக எழுந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. இன்டர்ன்களின் ஊதியத்துக்கென்றே 2019 நிதியாண்டில் பிரதிநிதிகள் சபைக்கு 88 லட்சம் டாலரும் செனட்டுக்கு 50 லட்சம் டாலரும் ஒதுக்கப்பட்டன. சபையில் ஓர் உறுப்பினர் அலுவலகத்துக்கு அப்போது ஆண்டுக்கு 20,000 டாலர். வெள்ளை மாளிகை தன் இன்டர்ன்களுக்கு முதன்முதலாக ஊதியம் கொடுத்தது 2022 இலையுதிர் காலத்தில்தான்.

"அப்படியானால் இந்தப் பண உதவியை யார் தருகிறார்கள்?"

முதலில் உங்கள் கல்லூரி. சம்பளம் தராத இடத்தில் வேலை செய்யும் மாணவருக்குக் கல்லூரியே தன் நிதியிலிருந்து வாழ்க்கைச் செலவுக்குத் தொகை தரும். பிரின்ஸ்டனில் 1969-இல் பட்டம் பெற்ற வகுப்பினர் தொடங்கிவைத்த குடிமைச் சேவை இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஹாஸ் பொதுச்சேவை மையம் கோடை நிதியை நடத்துகிறது. ஹார்வர்டின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பாலிடிக்ஸ் என்ற அரசியல் கல்வி மையமும் கோடைப் பயிற்சிகளுக்குப் பணம் தருகிறது. பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களில் மட்டும்தான் இது உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். பல சிறிய கல்லூரிகளில் போட்டி குறைவு, கவனிப்பு அதிகம். 1990-இல் கென்டக்கியின் பெரியா கல்லூரியில் தொடங்கிய பானர் திட்டம், குடும்ப வருமானம் குறைந்த மாணவர்களுக்குப் படிப்புக் காலத்திலும் கோடையிலும் சேவைக்கென்றே உதவி தருகிறது.

அடுத்து, ஃபெடரல் வொர்க்-ஸ்டடி: பண உதவி தேவைப்படும் மாணவர்கள் பகுதிநேரம் வேலை செய்து சம்பாதிக்க ஃபெடரல் அரசு தரும் நிதி. இது கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குவதற்கு மட்டும் உரிய பணம் அல்ல. இந்த ஒதுக்கீட்டில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூகச் சேவை வேலைகளுக்குக் கல்லூரிகள் செலவிட வேண்டும் என்பது விதி. வெளியிலுள்ள லாப நோக்கற்ற அமைப்பிலும் பொது அலுவலகத்திலும், கோடையிலும்கூட, இதைப் பயன்படுத்த வழி உண்டு. நிதி உதவி அலுவலகத்தில் போய், "கோடைக்கு வொர்க்-ஸ்டடி மீதம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது, வெளி அமைப்புகள். ஆசிய அமெரிக்க மாணவர்களை நாடாளுமன்ற அலுவலகங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் அனுப்பவும் உதவித்தொகை தரவும் ஏபெய்க்ஸ், கேப்பல் போன்ற அமைப்புகள் வாஷிங்டனில் இயங்குகின்றன. ஆசிய அமெரிக்கர் என்பதில் நம் பிள்ளைகளும் அடக்கம்.

"ஐயாயிரம் டாலர் தருகிறார்களாம். அது போதுமா?"

உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பத்து வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 400 மணி நேரம். 5,000 டாலரை வகுத்தால் மணிக்கு 12 டாலர் 50 சென்ட். 2025 ஜூலை முதல் வாஷிங்டன் நகரின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17 டாலர் 95 சென்ட். ஆக, இந்த உதவித்தொகை அந்த ஊரில் காபிக்கடை வேலையின் கூலிக்கும் கீழே. இதைச் சம்பளம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து ஆகிய மூன்றையும் சமாளிக்கும் தொகை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றிலும் வாடகைதான் ஆளை விழுங்கும். ஜார்ஜ்டவுன், அமெரிக்கன் போன்ற வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் கோடையில் தங்கள் விடுதி அறைகளை வெளி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. தனி அறையை விட்டு, இருவர் தங்கும் அறையை எடுத்தால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் பலரும் மறப்பவை: விமான டிக்கெட், விடுதிக்கு முன்பணம், முதல் மாத வாடகை, கோட்டும் தோல் காலணியும். நாடாளுமன்ற அலுவலகத்துக்கு டி-ஷர்ட்டில் போக முடியாது. பல கல்லூரிகளின் வேலைவாய்ப்பு மையத்தில் நேர்காணல் உடைகளை இரவல் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பணம் எப்போது கைக்கு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கல்லூரிகள் பாதியை மே மாதத்திலும் மீதியைக் கோடை முடிந்து அறிக்கை கொடுத்த பிறகும் தருகின்றன. வாடகை ஜூன் முதல் தேதி கட்ட வேண்டும். இடைவெளியைச் சமாளிக்க முடியாது என்றால் முழுத் தொகையையும் முன்கூட்டியே தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

"வாஷிங்டனுக்குப் போனால்தான் மதிப்பா?"

இல்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதியில் அலுவலகம் உண்டு. வாஷிங்டன் அலுவலகத்து இன்டர்ன் தொலைபேசியை எடுப்பார், வந்த கடிதங்களைத் தரம் பிரிப்பார், தொகுதியிலிருந்து வரும் குடும்பங்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார். தொகுதி அலுவலகத்து இன்டர்ன் அருகில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. முன்னாள் ராணுவ வீரரின் ஓய்வூதியம் நின்றுபோயிருக்கும். ஒரு மூதாட்டியின் சோஷியல் செக்யூரிட்டித் தொகை வேறு கணக்குக்குப் போயிருக்கும். கிரீன் கார்டு விண்ணப்பம் எங்கோ மாட்டிக்கொண்டு, ஊரிலிருக்கும் தாயைப் பார்க்கப் போக முடியாமல் ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். கோப்பைத் திறந்து, தேதிகளை வரிசைப்படுத்தி, எந்தத் துறைக்குக் கடிதம் போக வேண்டும் என்று பார்த்துத் தயாரிப்பதில் இன்டர்னுக்கும் பங்கு உண்டு. அரசு எங்கே தொடுகிறது, எங்கே தவறவிடுகிறது என்பதை இதைவிட நெருக்கமாகப் பார்க்கும் இடம் எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் முந்தைய கேள்வியில் சொன்ன வாடகைப் பிரச்சினை இங்கே இல்லை. தமிழ், தெலுங்கு, இந்தி தெரிந்த பிள்ளை தெற்காசியக் குடும்பங்கள் மிகுந்த தொகுதிகளில் நேரடியாகப் பயன்படும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டிலிருந்து செல்பவருக்குச் சில நிதிகள் தொகையைக் குறைத்துத் தருகின்றன.

"முதலில் வேலை கிடைக்க வேண்டுமா, பணம் கிடைக்க வேண்டுமா?"

இரண்டையும் ஒரே நேரத்தில் தேட வேண்டும். கல்லூரி நிதிகள் பெரும்பாலும் குளிர்காலத்தின் பிற்பகுதியிலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ மூடப்படுகின்றன. வேலை உறுதிக் கடிதமோ பல நேரங்களில் அதன் பிறகுதான் வருகிறது. ஆகவே, "இடம் இன்னும் உறுதியாகவில்லை" என்று எழுதி விண்ணப்பிக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். பல நிதிகளில் உண்டு.

தேடும் வேலை நவம்பரிலேயே தொடங்கட்டும். ஃபெடரல் அரசின் ஊதியமுள்ள மாணவர் வேலைகள் பாத்வேஸ் என்ற திட்டத்தின் கீழ் யுஎஸ்ஏ ஜாப்ஸ் தளத்தில் வரும். சில அறிவிப்புகள் சில நாட்களிலேயே மூடிவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். விடுமுறைக்குப் போகும் பேராசிரியரை டிசம்பர் கடைசியில் பிடிக்க முடியாது.

"விண்ணப்பக் கட்டுரையில் 'சமூகத்துக்குச் சேவை செய்ய ஆசை' என்று எழுதினால் போதுமா அக்கா?"

போதாது. அந்த வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். படிப்பவர் தேடுவது மூன்று விஷயங்கள்: எந்த அமைப்பு, அங்கே நீ என்ன செய்வாய், உன்னைக் கவனித்துக்கொள்பவர் யார். "பொது வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவுவேன்" என்பதற்கும், "குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவருக்காக வாதாடும் பொது வழக்கறிஞரிடம் துப்பறியும் இன்டர்னாகச் சேர்ந்து, சாட்சிகளின் வீடு தேடிப் போய் வாக்குமூலம் எழுதி வாங்குவேன், கோடைத் தொடக்கத்தில் அதற்குப் பயிற்சி தருகிறார்கள்" என்பதற்கும் உள்ள தூரத்தைப் பார். வாஷிங்டனின் பொது வழக்கறிஞர் அலுவலகம் இளநிலை மாணவர்களை இந்த வேலைக்கு எடுக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை எழுத வேண்டுமானால் அந்த அலுவலகத்தோடு முன்பே பேசியிருக்க வேண்டும். பேசியவரா இல்லையா என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

செலவுப் பட்டியலும் கட்டுரையின் ஒரு பகுதிதான். முழு எண்களாக 1,000, 2,000 என்று போடாமல், வாடகை விளம்பரத்தில் இருக்கும் உண்மையான தொகையைப் போடு.

"வீட்டு நிலைமையை எழுதச் சொல்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

கூச்சம் புரிகிறது. பணக் கஷ்டத்தை வெளியில் சொல்லாதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்த நிதிகள் பலவும் பணமில்லாதவருக்காகவே ஏற்படுத்தப்பட்டவை. கேட்பது யாசகம் ஆகாது. நீட்டி எழுத வேண்டியதில்லை. "என் தம்பியும் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறான், கோடையில் நான் சம்பாதிக்காவிட்டால் புத்தகச் செலவுக்கு வழியில்லை" என்று இரண்டு வரி போதும். உண்மையை உள்ளபடி எழுது. கண்ணீரை வரவழைக்க முயலாதே.

"கோடையில் சம்பாதித்து நானே கட்ட வேண்டிய பங்கு ஒன்று என் நிதி உதவிக் கடிதத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது?"

பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கல்லூரி முழு உதவி தந்தாலும், மாணவர் கோடையில் சம்பாதித்து இவ்வளவு கொண்டுவருவார் என்று ஒரு தொகையை எதிர்பார்க்கிறது. சேவைக்கான உதவித்தொகை வாடகைக்கே சரியாகப் போய்விட்டால் ஆகஸ்டில் கையில் ஒன்றும் இருக்காது. சில கல்லூரிகள் சேவை இன்டர்ன்ஷிப் செய்பவருக்கு அந்தப் பங்கைத் தள்ளுபடி செய்கின்றன. சில, அதற்கென்று கூடுதல் தொகை தருகின்றன. கேட்காமல் இது தானாக நடப்பது அரிது. விண்ணப்பிக்கும் முன்பே நிதி உதவி அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

அடுத்த ஆண்டு ஃபெடரல் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும் எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவத்தில் இந்தத் தொகை வருமானமாகத் தெரிந்து உதவியைக் குறைக்குமோ என்றும் கேட்கிறார்கள். வரிக் கணக்கில் வருமானமாகக் காட்டிய கல்லூரி உதவித்தொகைகளைக் குறிப்பிட அந்தப் படிவத்தில் தனி இடம் உண்டு. அங்கே எழுதினால் கணக்கில் கழித்துவிடுவார்கள்.

"நான் சென்னையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து படிக்கிறேன். எனக்கு இதெல்லாம் உண்டா?"

சில உண்டு, பல இல்லை. ஃபெடரல் வொர்க்-ஸ்டடி கிடையாது. ஃபெடரல் அரசு வேலைகளும் நாடாளுமன்றத்தின் ஊதியமுள்ள இடங்களும் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கே. கல்லூரியின் சொந்த நிதிகள் பல உங்களுக்கும் திறந்திருக்கின்றன. லாப நோக்கற்ற அமைப்புகளைக் குறிவையுங்கள்.

வளாகத்துக்கு வெளியே பயிற்சி வேலை செய்ய, படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கான சிபிடி என்ற அனுமதி வேண்டும். அதற்குப் பொதுவாக ஓர் முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும், பயிற்சி உங்கள் படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும், கல்லூரி தந்த உங்கள் ஐ-20 மாணவர் தகுதிப் படிவத்தில் அது பதிவாக வேண்டும். முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதத்தை எட்டினால், பட்டம் பெற்ற பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி வாய்ப்பு போய்விடும். ஒரு கோடைப் பத்து வாரத்தால் அந்த ஆபத்து இல்லை. கோடைப் பாடமாகப் பதிவு செய்யச் சொன்னால் அதற்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். உதவித்தொகையில் ஒரு பங்கை அதுவே விழுங்கக்கூடும். "பணம் கல்லூரிதானே தருகிறது, அமைப்பு சம்பளம் தரவில்லையே, அனுமதி எதற்கு?" என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். வேலையின் முதல் நாளுக்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகம் எழுத்தில் சொல்லட்டும். விசா விஷயத்தில் நண்பர் சொன்னது செல்லாது.

"உதவித்தொகைக்கு வரி உண்டா?"

உண்டு. கல்விக் கட்டணத்துக்குப் போகாமல் வாழ்க்கைச் செலவுக்கு வரும் உதவித்தொகை வரிக்குரிய வருமானம். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பொதுவாக யாரும் முன்கூட்டியே வரி பிடிப்பதில்லை. சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவமும் பெரும்பாலும் வராது. படிவம் வரவில்லை என்பதால் கணக்கில் காட்ட வேண்டாம் என்று ஆகாது. 2024-ஆம் ஆண்டுக்குத் தனிநபரின் அடிப்படைக் கழிவு, அதாவது வரி போடாமல் விடும் தொகை, 14,600 டாலர். ஆண்டு முழுவதும் இந்த 5,000 மட்டுமே வருமானம் என்றால் ஃபெடரல் வரி வராது. மாநில வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குக் கல்லூரி 14 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவது வழக்கம். 5,000 டாலரில் 700 போய், கையில் 4,300. மேலே போட்ட செலவுக் கணக்கை நீங்கள் இந்தத் தொகையை வைத்துத்தான் போட வேண்டும். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள் அடிப்படைக் கழிவைக் கோர இடம் தருகிறது. பிற நாட்டு மாணவர்கள் பலருக்கு இல்லாத சலுகை இது. அடுத்த ஆண்டு வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவத்தில் கணக்குக் கொடுத்தால் பிடித்த பணத்தைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் என்ற படிவம் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள்.

"மகனுக்கு வரும் உதவித்தொகையை ராத் ஐஆர்ஏ-வில் போடலாமா?"

முடியாது. ராத் ஐஆர்ஏ என்பது ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. அதில் போட உழைத்துச் சம்பாதித்த ஊதியம் வேண்டும். 2019-இன் செக்யூர் சட்டம் உதவித்தொகைக்கு அளித்த விலக்கு முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான். வொர்க்-ஸ்டடிச் சம்பளம் வந்தால் அதைப் போடலாம்.

"தேர்தல் பிரச்சாரத்தில் வேலை செய்ய இந்த நிதி கிடைக்குமா? கோயிலில்?"

பிரச்சாரத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. வரிவிலக்குப் பெற்ற கல்வி நிறுவனங்கள் வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ இறங்குவதை 1954 முதல் சட்டம் தடுக்கிறது. வாக்காளர் பதிவு, வாக்குச்சாவடி உதவி போன்ற கட்சி சாராத வேலைகளுக்குச் சில நிதிகள் இடம் தருகின்றன. கோயிலோ தேவாலயமோ நடத்தும் அன்னதானம், வீடற்றோர் விடுதி போன்றவற்றை ஏற்பார்கள். சமயப் பரப்பலை ஏற்கமாட்டார்கள்.

"தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு தொண்டு நிறுவனத்தில் செய்யலாமா? பாட்டி வீட்டிலேயே தங்கிவிடுவேன்."

வெளிநாட்டுக்கும் பணம் தரும் கல்லூரிகள் உண்டு. சில உள்நாட்டுக்கு மட்டும் தருகின்றன. பாட்டி வீடு என்பதைச் செலவுப் பட்டியலில் மறைக்க வேண்டாம், அதை உன் பலமாகவே எழுது. ஆனால் "பாட்டியைப் பார்க்கப் போகிறேன்" என்ற தோற்றம் வராமல், அமைப்பின் பொறுப்பாளர் எழுதிய கடிதம் வேலைநேரத்தோடு இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அமெரிக்கக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு இன்டர்ன்ஷிப் செய்யக்கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் வழி எளிது. ஆனாலும் ஆராய்ச்சி செய்யவும் இதழியல் பணிக்கும் சிறப்பு அனுமதி வேண்டும் என்று இந்திய அரசின் 2021 மார்ச் அறிவிப்பு சொல்கிறது. "கிராமத்தில் கணக்கெடுப்பு நடத்தி ஆய்வுக் கட்டுரை எழுதுவேன்" என்றால் முன்பே விசாரி. இரண்டாவது, கல்லூரிப் பணம் உன் கணக்குக்கு வரட்டும். அமைப்பின் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதே. வெளிநாட்டு நன்கொடை பெற இந்திய அமைப்புகளுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பதிவில்லாத சிறிய அமைப்பை நல்ல எண்ணத்தோடு நீ சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

"நிதி கிடைத்துவிட்டது. இப்போது அந்த அமைப்பு ஆள் எடுக்கவில்லை என்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?"

உடனே, அன்றைக்கே, நிதி தந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். மறைத்தால்தான் ஆபத்து. 2025 வசந்தத்தில் அமெரிகார்ப்ஸ் என்ற ஃபெடரல் சேவை அமைப்பின் மானியங்களில் ஏறத்தாழ 40 கோடி டாலர் ஒரே மூச்சில் ரத்தானபோது, கோடைக்கு ஆள் எடுக்கத் தயாராக இருந்த அமைப்புகள் பல கைவிரிக்க வேண்டியதாயிற்று. இதில் மாணவரின் தவறு ஏதுமில்லை என்பது நிதி அலுவலகங்களுக்கும் தெரியும். அதே துறையில் வேறு இடம் பிடித்தால் தொகையை அங்கே மாற்றித் தரப் பலரும் சம்மதிப்பார்கள். இதற்காகவே விண்ணப்பிக்கும்போது இரண்டாவது அமைப்பு ஒன்றையும் பேசி வையுங்கள்.

"கம்ப்யூட்டர் நிறுவனத்தில் கோடைக்கு நல்ல சம்பளம் தருகிறார்கள். இதை விட்டுவிட்டு அதற்குப் போகச் சொல்வது தவறா?"

தவறில்லை. வீட்டுக்கு அந்தப் பணம் தேவை என்றால் பிள்ளை அதற்குத்தான் போக வேண்டும். தேவை இல்லை என்றால், முதலாண்டு அல்லது இரண்டாமாண்டுக் கோடையை இதற்குக் கொடுக்கலாம். பெரிய நிறுவனங்கள் நிரந்தர வேலைக்கு ஆள் பார்ப்பது பெரும்பாலும் மூன்றாமாண்டுக் கோடையில். நகராட்சித் தரவுகளைச் சீர்செய்தவர், சட்ட உதவி மையத்துக்கு மென்பொருள் எழுதியவர் பின்னால் தொழில்நுட்ப வேலைக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை.

"எதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரல் முடிந்துவிட்டது. கோடை வீணா?"

இல்லை. நிதி பெற்றவர்களில் சிலர் வேறு வேலை கிடைத்து விலகுவார்கள். அந்தத் தொகை காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். "இன்னும் ஆர்வமாக இருக்கிறேன்" என்று மே முதல் வாரத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அமைப்பிடமும் கேளுங்கள்: வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குப் பதில் 20 போதுமா? போதுமென்றால் மீதி நேரத்தில் சம்பளமுள்ள வேலை செய்யலாம். பஸ், ரயில் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் மட்டுமாவது தர முடியுமா என்றும் கேட்கலாம். சிறிய அமைப்புகளுக்கு 5,000 டாலர் முடியாது. 500 டாலர் பலவற்றுக்கு முடியும்.